உறக்கத்தின் அளவு: இரண்டு யாமமும் இரண்டரை நாழிகையும்

இலங்கைத் தீவின் மேற்குக் கரையிலே, சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே, முந்தல் என்னும் ஊர் அமைந்துள்ளது. ஒரு பால் முந்தற் களப்பும் அதனைப் புத்தளக் களப்போடு இணைக்கும் ஒல்லாந்தர் காலத்துக் கால்வாயும் கிடக்கின்றன. மறு பால் கொழும்பையும் புத்தளத்தையும் இணைக்கும் பெருந்தெருவும் புகையிரதப் பாதையும் செல்கின்றன. திரௌபதை அம்மன் கோயிலாலும், ஆடி மாதத்துத் தீமிதிப்பு விழாவாலும், கரைவலைத் தொழிலாலும், அம்பாப் பாடல்களாலும் தமிழ் மக்கள் நன்கறிந்த உடப்பு இதற்கு அணித்தேயுள்ளது.

பகலில் இப்பகுதியைக் கடந்து செல்வோர் காண்பன தென்னந் தோட்டங்களும், களப்பின் நீர்ப்பரப்பும், இறால் வளர்க்கும் குளங்களுமாம். இரவில் இவ்வூர்ப்புறங்களை நோக்குவார்க்கு வேறொரு காட்சி தோன்றும். ஊர் உறங்கும் வேளையில் உறங்காதார் பலர் ஈண்டு உளர். மாலையிற் படகேறி விடியலிற் கரை சேரும் மீனவர் உளர். கொழும்புச் சந்தைக்குப் பாரமேற்றிய வாகனங்களை இரவிரவாக ஓட்டிச் செல்லும் சாரதிகள் உளர். வைத்தியசாலைகளில் இராக்கடமை புரியும் தாதியரும் வைத்தியரும் உளர். புத்தளக் களப்புக்கு அப்பால், நுரைச்சோலையில், 2011ஆம் ஆண்டு முதல் மின் பிறப்பித்து வரும் நிலக்கரி மின்னிலையத்தில் முறை வைத்துப் பணிபுரிவோர் உளர். இவருள் இறாற் குளக் காவலரின் நிலை தனித்துக் கருதத்தக்கது. குளத்துப் பாசியினம் பகலிற் சூரிய ஒளியைக் கொண்டு ஒட்சிசனை வெளிவிடும்; இரவிலோ அப்பாசியும் இறாலும் ஒருங்கே அதனை உட்கொள்ளும். ஆகவே நீரிலுள்ள ஒட்சிசன் சிறிது சிறிதாகக் குறைந்து, விடியற்கு முன்னர் மிகத் தாழ்ந்த நிலையை அடையும். நீரைக் கலக்கிக் காற்றூட்டும் இயந்திரம் அவ்வேளையில் நின்றுவிடின், பல மாத உழைப்பின் பயன் ஓரிரவில் அழியக்கூடும். காவலர் மிகவும் விழிப்பாயிருக்க வேண்டிய அந்த நாழிகையே, மனித உடல் மிகவும் சோர்ந்திருக்கும் நாழிகையுமாகும்.

இத்தகையோரோடு, விடைத்தாள் திருத்தும் ஆசிரியரையும், கணக்குப் பார்க்கும் வணிகரையும், பரீட்சைக்குப் படிக்கும் மாணவரையும் சேர்த்தெண்ணின், உறக்கத்தின் அளவு பற்றிய வினா சிலருக்கு மட்டும் உரியதன்று என்பது புலனாகும். தொழில் மிகுந்த ஒருவர் தம் கடமையைப் பிழையின்றி ஆற்றுதற்கு எத்துணை உறக்கம் வேண்டும்? இவ்வினாவுக்கு இக்கால அறிவியல் தரும் விடையை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

உறக்கத்தைக் குறைத்தல் ஊக்கத்தின் அடையாளம் என்னும் எண்ணம் நம்மவரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. வைகறையில் எழுக என ஔவையார் ஆத்திசூடியிற் பணித்தமையும், கெடுவாரைக் கொண்டு செல்லும் நான்கனுள் ஒன்றாகத் திருவள்ளுவர் துயிலை வைத்தமையும் இவ்வெண்ணத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படுவதுண்டு. ஆனால் வைகறையில் எழுக என்றவர் நள்ளிரவு வரை விழித்திருக்குமாறு கூறினாரல்லர். மின்விளக்கு இல்லாத காலத்தில் வைகறையில் எழுவோர் இரவின் முற்பகுதியிலேயே படுக்கைக்குச் சென்றனர். திருவள்ளுவர் கடிந்ததும் கடமையை மறக்கச் செய்யும் துயிலையேயன்றி, கடமைக்கு வலிமை தரும் துயிலையன்று என்று கொள்ளுதலே பொருந்தும்.

வடமொழி நூல்களும் நடுவு நிலையையே வலியுறுத்துகின்றன. மிகையாக உறங்குபவனுக்கும் யோகம் கைகூடாது, உறங்காது விழித்திருப்பவனுக்கும் கைகூடாது என்பது பகவத்கீதை ஆறாம் அத்தியாயத்தின் கருத்து. ஆயுள்வேத நூலாகிய சரக சங்கிதை, உடலைத் தாங்கும் மூன்று துணைத் தூண்களுள் உணவை அடுத்து உறக்கத்தை வைத்து எண்ணுகின்றது. சைவ சித்தாந்தம் நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என உயிரின் அவத்தைகளை ஐந்தாக வகுத்துள்ளது. கனவையும் கனவற்ற உறக்கத்தையும் வெவ்வேறு நிலைகளாகப் பகுத்துணர்ந்த நுட்பம் ஈண்டுக் கருதத்தக்கது. உறக்கம் ஒரே தன்மையதன்று, பல நிலைகளை உடையது என்பதனை இருபதாம் நூற்றாண்டின் ஆய்வுகூடங்கள் வேறொரு நெறியால் நிறுவின.

செருமனிய வைத்தியராகிய அன்சு பேர்கர் மனித மூளையின் மின்னலைகளை 1924ஆம் ஆண்டிற் பதிவு செய்து, 1929ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். அதுகாறும் உறங்குவோரைப் புறத்தே நின்று நோக்க மட்டுமே இயன்றது. இப்பொறி வந்தபின் உறங்கும் மூளையின் செயலைத் தாளில் வரைந்து காண இயன்றது. 1953ஆம் ஆண்டிற் சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூசீன் அசரின்சுக்கி, நதானியேல் கிளைற்மன் என்னும் இருவர், உறக்கத்தின் இடையிடையே மூடிய இமைக்குள் விழிகள் விரைந்து அசையும் ஒரு நிலை உண்டென்று வெளிப்படுத்தினர். அவ்வேளையில் எழுப்பப்பட்டோர் பெரும்பாலும் தாம் கண்ட கனவைக் கூறினர்.

இன்று அறியப்பட்டவாறு, ஓரிரவின் உறக்கம் ஏறக்குறைய 90 நிமிட நீளமுடைய வட்டங்கள் நான்கு அல்லது ஐந்தால் ஆயது. ஒவ்வொரு வட்டத்திலும் இலேசான உறக்கம், ஆழ்ந்த உறக்கம், கனவு மிகுந்த உறக்கம் என்பன வந்து போகும். அவை எல்லா வட்டங்களிலும் ஒத்த அளவில் அமைவதில்லை. ஆழ்ந்த உறக்கம் இரவின் முற்பாதியிற் செறிந்துள்ளது. கனவுறக்கம் பிற்பாதியில் நீள்கின்றது. ஆதலின், எட்டு மணித்தியாலம் உறங்கவேண்டிய ஒருவர் ஆறு மணித்தியாலத்தில் எழுவாராயின், அவர் இழப்பது எல்லா வகை உறக்கத்திலும் காற்பங்கன்று; கனவுறக்கத்தில் அதனினும் மிகுந்த பங்கை இழந்துவிடுகின்றார்.

உறக்கம் எப்பொழுது வரும், எத்துணை நேரம் நிலைக்கும் என்பவற்றை இரு காரணிகள் சேர்ந்து தீர்மானிக்கின்றன என 1982ஆம் ஆண்டிற் சுவிற்சலாந்து அறிஞர் அலெக்சாண்டர் போர்பெலி விளக்கினார். முதலாவது, விழித்திருக்கும் நேரம் நீள நீளப் பெருகும் உறக்கத் தேவை. மூளையில் அடினோசின் என்னும் பொருள் திரள்வது இதனோடு தொடர்புடையது. தேநீரிலும் கோப்பியிலும் உள்ள கபேன், அடினோசின் தொழிற்படும் இடத்தை அடைத்துக்கொண்டு சோர்வை மறைக்கின்றது. திரண்ட கடனை அது தீர்ப்பதில்லை. இரண்டாவது, உடலினுள் இயங்கும் கடிகாரம். அது ஏறக்குறைய 24 மணித்தியாலத்துக்கு ஒரு முறை சுழன்று, ஒளியினால் நாள்தோறும் சரிசெய்யப்படுகின்றது. இக்கடிகாரத்தின் அணுத்திரள் அமைப்பை வெளிப்படுத்தியமைக்காகச் செப்ரி ஓல், மைக்கேல் றொசுபாசு, மைக்கேல் யங் என்னும் மூவர்க்கு 2017ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இக்கடிகாரத்தின் வலிமையை முன்னரே சோதித்தவர் கிளைற்மன். 1938ஆம் ஆண்டில் அவரும் மாணவர் ஒருவரும் அமெரிக்காவின் கென்றக்கி மாநிலத்திலுள்ள மாமதக் குகையில், பகலவன் ஒளி புகாத இடத்தில், 32 நாள் தங்கி, 28 மணித்தியாலத்தை ஒரு நாளாகக் கொண்டு வாழ முயன்றனர். மாணவரின் உடல் புதிய முறைக்கு இணங்கியது. கிளைற்மனின் உடல் பழைய 24 மணித்தியால முறையை விட்டு விலக மறுத்தது. மனிதர் யாவரும் தம் விருப்பப்படி உடற் கடிகாரத்தைத் திருப்பிவிட இயலாது என்பதும், இவ்வகையில் மனிதர்க்கு மனிதர் வேறுபாடு உண்டென்பதும் இதனாற் புலப்படும்.

இனி அளவைப் பற்றிய வினாவுக்கு வருவோம். 2015ஆம் ஆண்டில் அமெரிக்க உறக்க மருத்துவக் கழகமும் உறக்க ஆராய்ச்சிச் சங்கமும், அதுகாறும் வெளிவந்த ஆய்வுகளைச் சீர்தூக்கி, வயது வந்தோர் நாள்தோறும் ஏழு மணித்தியாலம் அல்லது அதற்கு மேல் உறங்குதல் வேண்டும் என ஒருமித்து அறிவித்தன. அவ்வாண்டிலேயே அமெரிக்கத் தேசிய உறக்க நிறுவனம், வளர்ந்தோர்க்கு ஏழு முதல் ஒன்பது மணித்தியாலமும், அறுபத்தைந்து வயதினைக் கடந்தோர்க்கு ஏழு முதல் எட்டு மணித்தியாலமும், பதினான்கு முதல் பதினேழு வயது வரையுள்ளோர்க்கு எட்டு முதல் பத்து மணித்தியாலமும் பரிந்துரைத்தது. மேல்வகுப்பு மாணவர்க்குத் தம் ஆசிரியரிலும் மிகுதியான உறக்கம் வேண்டும் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

இவ்வளவைத் தமிழர் பண்டைக் காலக் கணக்கில் வைத்துப் பார்த்தலும் பயனுடைத்து. முப்பது நாழிகை கொண்ட இரவு, ஏழரை நாழிகை அளவினவாகிய நான்கு யாமங்களாகப் பகுக்கப்பட்டது. ஒரு யாமம் மூன்று மணித்தியாலம். இரண்டு யாமம் உறங்கினாற் போதும் என்போர் இன்று மிகப் பலர். அஃது ஆறு மணித்தியாலமாகும். ஏழு மணித்தியாலம் என்பது இரண்டு யாமமும் இரண்டரை நாழிகையும் ஆகும். சிறிதெனத் தோன்றும் அந்த இரண்டரை நாழிகையை மிச்சம் பிடிப்பதே தொழில் மிகுந்தோரின் வழக்கம். அதனால் விளையும் கேடு யாது?

2003ஆம் ஆண்டில் வெளியான பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வொன்று இதற்குத் தெளிவான விடை பகர்கின்றது. நலமுடைய வளர்ந்தோரைப் பகுத்து, ஒரு பகுதியினரை நான்கு மணித்தியாலமும், ஒரு பகுதியினரை ஆறு மணித்தியாலமும், ஒரு பகுதியினரை எட்டு மணித்தியாலமும் படுக்கையில் இருக்குமாறு 14 நாள் வைத்திருந்தனர். அவர்தம் கவனமும் நினைவாற்றலும் நாள்தோறும் அளக்கப்பட்டன. எட்டு மணித்தியாலத்தாரிடம் பெருந் தளர்ச்சி தோன்றவில்லை. ஆறு மணித்தியாலமும் அதனிற் குறைவாகவும் உறங்கியோரின் திறன் நாளுக்கு நாள் குறைந்து சென்று, ஓரிரவோ ஈரிரவோ முற்றாக உறங்காதோரின் நிலையை ஒத்தது. இதனினும் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. முதற் சில நாட்களுக்குப் பின்னர், தமக்கு உறக்கக் களைப்பு அதிகரிப்பதாக அவர்கள் உணரவில்லை. திறன் குறைந்துகொண்டே போயிற்று; குறைகின்றது என்னும் உணர்வோ நின்றுவிட்டது.

ஆறு மணித்தியாலம் எனக்குப் பழகிவிட்டது என்று கூறுவோரின் சான்றை ஏன் முழுதும் நம்பலாகாது என்பதற்கு இதுவே விடை. அளக்கப்படும் பொருளே அளவுகோலையும் கெடுத்துவிட்டது. குறைந்த உறக்கத்தால் உண்மையிலேயே கேடுறாத சிலர் உலகில் உளர். அத்தகைய ஒரு குடும்பத்தினரிடம் மரபணு மாற்றம் ஒன்று காணப்பட்டமை 2009ஆம் ஆண்டிற் கலிபோணியாவில் வெளியிடப்பட்டது. ஆயினும் அத்தகையோர் மிக அரியர். தம்மை அவ்வரியோருள் ஒருவராகக் கருதுவோருட் பெரும்பாலோர், விடுமுறை நாளிற் பொழுதேறும் வரை உறங்குவதனால் தம் கடனைத் தாமே காட்டிக்கொடுக்கின்றனர்.

உறக்கக் குறைவு உண்டாக்கும் மந்தநிலையை மதுமயக்கத்தோடு ஒப்பிட்டு அளந்த அவுத்திரேலிய ஆய்வு 1997ஆம் ஆண்டில் வெளிவந்தது. பதினேழு மணித்தியாலம் தொடர்ந்து விழித்திருந்தோரின் கையும் கண்ணும் இயைந்து செயற்படும் திறன், குருதியில் நூற்றுக்கு 0.05 பங்கு மதுசாரம் உடையாரின் திறனுக்கு ஒப்பாயிற்று. இருபத்துநான்கு மணித்தியாலம் விழித்தாரின் நிலை 0.10 பங்கு உடையாரின் நிலையை ஒத்தது. காலை ஐந்து மணிக்கு எழுந்து பகல் முழுதும் உழைத்த சாரதி இரவு பத்து மணிக்குப் புத்தளப் பெருந்தெருவில் வாகனத்தைச் செலுத்துவாராயின், ஒரு துளி மதுவும் அருந்தாமலே அவர் அந்நிலையை அடைந்தவராவர். மது அருந்தியவரை ஊதச் செய்து பொலிசார் கண்டறிவர். உறங்காதவரைக் கண்டறியும் கருவி தெருவில் இல்லை.

வைத்தியத் தொழிலிலும் இவ்வுண்மை அளந்து காட்டப்பட்டுள்ளது. அமெரிக்காவின் பொசுற்றன் நகரில், தீவிர சிகிச்சைப் பிரிவுகளிற் பணிபுரிந்த பயிற்சி வைத்தியர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2004ஆம் ஆண்டில் வெளிவந்தது. இருபத்துநான்கு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட தொடர் கடமையுடைய வழமையான முறையில், கடமை நேரம் குறைக்கப்பட்ட முறையிலும் பார்க்க, பாரதூரமான பிழைகள் நூற்றுக்கு 36 பங்கு மிகுதியாக நிகழ்ந்தன. அடுத்த ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, நீண்ட கடமை முடித்து வீடு திரும்பும் பயிற்சி வைத்தியர் வாகன விபத்துக்கு உள்ளாகும் வாய்ப்பு இருமடங்குக்கு மேலாதலைக் காட்டியது. அறிவும் கருணையும் குறைந்தமையால் அவர் பிழை செய்தாரல்லர். உறக்கம் குறைந்தமையாற் செய்தனர்.

மாணவர்க்குரிய சான்று இவற்றினும் பழையது. 1924ஆம் ஆண்டிற் கோணெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செங்கின்சு, டலன்பாக்கு என்னும் இருவர், பொருளற்ற அசைகளை மாணவர் இருவர்க்கு மனனஞ் செய்வித்து, ஒரு மணித்தியாலம் முதல் எட்டு மணித்தியாலம் வரை கழித்து நினைவைச் சோதித்தனர். விழித்திருந்த நேரத்திலும் பார்க்க உறங்கிய நேரத்தில் மறதி மிகக் குறைவாயிருந்தது. பின்வந்த ஆய்வுகள், கற்றதனை மூளை நிலைநிறுத்தும் பணியில் உறக்கத்துக்குப் பங்குண்டு என்பதனை வலியுறுத்துகின்றன. பரீட்சைக்கு முதனாள் இரவு முழுதும் விழித்துப் படிக்கும் மாணவன், விதைத்ததனை மண்ணால் மூடாது விடும் உழவனை ஒப்பான்.

இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட பின்னரும், இரவிலேயே உழைக்க வேண்டியோர்க்கு என் செய்வது என்னும் வினா எஞ்சுகின்றது. மீன் வரும் வேளையை மீனவர் மாற்றவியலாது. நோய் பகலில் மட்டும் வருவதில்லை. உடல் வெப்பமும் விழிப்பும் பின்னிரவில், மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே, மிகத் தாழ்கின்றன. பகலில் உறங்க முயல்வார்க்கோ கடிகாரம் எதிராக நிற்பதால், உறக்கம் குறுகியும் கலைந்தும் போகின்றது. முந்தல் நிலநடுக் கோட்டுக்கு அணித்தாயிருத்தலின் ஆண்டு முழுதும் பகற்பொழுதின் நீளம் ஒரு மணித்தியாலத்திலும் குறைவாகவே வேறுபடும். எந்நாளும் ஆறு மணியளவிற் பொழுது புலர்ந்துவிடும். கரையேறும் மீனவர் முகத்திற் படும் அவ்விளவெயில், உடலுக்கு விழித்தெழு என்றே ஆணையிடுகின்றது. இராக்கடமை நெடுங்காலம் தொடர்வது புற்றுநோய்க்கு ஏதுவாகலாம் எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2007ஆம் ஆண்டில் வகைப்படுத்தி, 2019ஆம் ஆண்டில் அதனை மீளவும் உறுதிசெய்தமையும் மனங்கொள்ளத்தக்கது.

இந்நிலையில் உதவக்கூடிய வழிகள் சில உள. முதலாவது, காவலைப் பங்கிடுதல். ஒரே காவலர் இரவு முழுதும் அரைகுறையாக விழித்திருப்பதிலும், இருவர் முறை வைத்து, ஒவ்வொருவரும் தடையின்றிச் சில மணித்தியாலம் உறங்குதல் நன்று. கரைவலையை ஒருவர் தனித்து இழுப்பதில்லை. பலர் கூடி ஒரே கதியில் இழுக்கின்றனர். கண்விழித்தலும் அவ்வாறே பகிரத்தக்க பாரமாகும். இரண்டாவது, கடமைக்கு முன்னரோ இடையிலோ கொள்ளும் சிறுதுயில். அமெரிக்க விண்வெளி நிறுவனத்தார் நெடுந்தூர விமான ஓட்டிகளைக் கொண்டு நடத்தி, 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நாற்பது நிமிட ஓய்வு பெற்றோர் சராசரியாக 26 நிமிடம் உறங்கினர். விமானத்தை இறக்கும் வேளையில் ஓய்வு பெறாதோரிலும் விழிப்புடன் விளங்கினர். ஆயினும் எழுந்தவுடன் சில நிமிடம் மூளை மந்தமாயிருக்குமாதலின், அந்நேரத்தில் இயந்திரத்தைக் கையாளலாகாது. மூன்றாவது, பகலில் உறங்குமிடம் இருளும் அமைதியும் உடையதாதல். கரையோர வாடிகளிலும் சிறு வீடுகளிலும் இது கடிதேயெனினும், தடித்த திரையும் வீட்டாரின் ஒத்துழைப்பும் பெரிதும் உதவும். இரவில் உழைத்து வந்தவர் பகலில் உறங்குவதைச் சோம்பலெனப் பழித்தல் அறியாமையாகும்.

பகலில் உழைப்போர்க்குரிய நெறி எளிது. நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுதல், கடிகாரத்தை நிலைப்படுத்தும். கபேனின் பாதியளவு உடலை விட்டு நீங்க ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் செல்லுமாதலின், மாலைக்குப் பின் தேநீரையும் கோப்பியையும் தவிர்த்தல் நலம். இரவில் விளக்கொளியும் கைத்தொலைபேசித் திரையின் ஒளியும் உறக்கத்தைக் குறிக்கும் மெலற்றோனின் என்னும் ஓமோனைத் தடுக்கின்றன. படுக்கைக்கு முன் அவற்றை விலக்கல் வேண்டும். ஏழு மணித்தியாலம் உறங்கியும் பகலிற் கண் அயர்வோரும், உரத்த குறட்டையோடு மூச்சுத் தடைப்படுவோரும் வைத்தியரை நாடல் வேண்டும். அது நேரக் குறைவாலன்றி நோயால் வந்த களைப்பாயிருத்தல் கூடும்.

எனினும் இவ்வறிவுரைகள் யாவும் தனியொருவர்க்கே உரியன என்று விட்டுவிடுதல் நீதியன்று. கடன்பட்டுக் குளம் வெட்டியவர் காவலுக்கு இரண்டாம் ஆளை வைக்க வசதியற்றிருக்கலாம். சாரதி தம் கூலிக்காக இரண்டாம் பயணத்தை ஏற்றுக்கொள்ளலாம். தாதி ஒருவர் வராமையால் மற்றவர் இரட்டைக் கடமை புரியலாம். இவர்க்கெல்லாம் உறக்கத்தின் பெருமையை எடுத்துரைத்தல் மட்டும் போதாது. உறங்குதற்குரிய ஓய்வை வகுத்துக் கொடுத்தலும் வேண்டும். கூலியையும் கடமை நேரத்தையும் வகுப்போர், தொழிலாளியின் உறக்கத்தைத் தொழிலின் ஒரு பகுதியாகவே கருதுதல் கடன். ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் இதிற் பங்குண்டு. விடியுமுன் தொடங்கி இரவில் முடியும் பாடமும் தனிவகுப்பும் மாணவரின் உறக்கத்தைப் பறித்தே நடைபெறுகின்றன.

இரண்டு யாமத்துக்கு மேற்பட்ட அந்த இரண்டரை நாழிகை, சோம்பலுக்கு இட்ட காணிக்கையன்று. மறுநாள் வாகனத்திற் பயணஞ் செய்வோரின் உயிரும், வைத்தியர் கையை நம்பிக் கிடப்போரின் நலமும், விடியற்கு முன் குளக்கரையில் நிற்பவரின் பல மாத உழைப்பும் அதனைச் சார்ந்துள்ளன. முந்தற் களப்பின் கரையில் இரவு முழுதும் எரியும் விளக்குகள் பிறர் உணவுக்காக எரிகின்றன. அவற்றின் அடியில் விழித்திருப்போர்க்குப் பகலிலேனும் தடையற்ற உறக்கம் கிடைக்கச் செய்தல், அவ்வுணவை உண்போர் அனைவரதும் கடமையாகும்.